தங்கக் காசு விக்கப் போறீங்களா? மும்பைல சரியான ரேட் வாங்குறதுக்கு முழு வழிகாட்டி

போன வருஷம் பையனோட காலேஜ் ஃபீஸுக்காக வீட்ல இருந்த தங்கக் காசுகள விக்க வேண்டியதாயிடுச்சு. மொத்தம் ஆறு காசு. பேங்க்ல வாங்குன 10 கிராம் காயின் ரெண்டு, ஊர்ல நகைக்கடைல சீட்டு கட்டி முடிச்சப்ப எடுத்த 8 கிராம் 916 காசு மூணு, அப்புறம் எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) திருநெல்வேலில இருந்து வரும்போது முந்தானைல முடிஞ்சு கொண்டு வந்த ஒரு ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய சவரன். முலுண்ட்ல எங்க வீட்டு பக்கத்துல ஒரு கடைல கேட்டேன், பேரு வேண்டாம், அவர் காயின தராசுல போட்டாரு, கால்குலேட்டர்ல என்னவோ தட்டினாரு, ஒரு தொகைய காட்டினாரு. எப்படி வந்துச்சுன்னு கேட்டா "மார்க்கெட் ரேட் தீதி"ன்னாரு. அவ்ளோதான் விளக்கம். நான் காச எடுத்து பர்ஸுல போட்டுட்டு வந்துட்டேன், அன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டு பாத்தப்பதான் தெரிஞ்சுது எவ்ளோ பெரிய ஓட்டைல விழ இருந்தோம்னு.

அந்த ஓட்டை எங்க இருக்குன்னு மொதல்ல சொல்லிடறேன். நமக்கு வர்ற பணம் நாலு நம்பரால முடிவாகுது: அன்னிக்கு ரேட், எடை, சுத்தம், கழிவு (கடைக்காரர் கழிச்சுக்குற சதவீதம்). கடைக்காரர் இந்த நாலையும் ஒண்ணா கலக்கி ஒரே தொகையா சொன்னாருன்னா நம்மால எதையும் பிடிக்க முடியாது. நாலையும் தனித்தனியா, அதுவும் காசு தராசுல ஏறுறதுக்கு முன்னாடியே சொல்ல வைக்கணும். கீழ எழுதியிருக்குறது எல்லாமே அதுக்கான வழிதான்.

வீட்லயே பண்ண வேண்டிய வேலை

காசுகள ஒரு வெள்ளைத் துணில பரப்பி வச்சு ஒவ்வொண்ணுலயும் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. 999 இல்ல 995ன்னு இருந்தா அது 24 காரட். 916ன்னா 22 காரட், அதாவது நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், மிச்சம் செம்பு வெள்ளி. இத தெரிஞ்சுக்காம போனா 24 காரட் காயினுக்கு 22 காரட் ரேட் போட்டுட்டு அனுப்பிடுவாங்க, முலுண்ட் கடைல எனக்கு நடந்தது இதேதான். நகைக்கு இப்ப 6 எழுத்து ஹெச்யுஐடி (ஹால்மார்க் அடையாள) நம்பர் கட்டாயம், ஆனா காயினுக்கு அந்த கட்டாயம் இல்ல, அதனால உங்க காசுல அந்த நம்பர் இல்லேன்னா பயப்படாதீங்க, "ஹால்மார்க் இல்ல, அதனால கம்மி"ன்னு யாராவது சொன்னா அதுக்கும் அசையாதீங்க.

பேக்கிங்கோட இருக்குற காயின், அதான் கார்டு மாதிரி பிளாஸ்டிக்ல சீல் பண்ணி சர்ட்டிஃபிகேட் நம்பர் போட்டிருக்குமே, அத தயவுசெஞ்சு வீட்ல பிரிக்காதீங்க. பிள்ளைங்க பாக்கணும்னு கேட்டா பிளாஸ்டிக்கோடவே காட்டுங்க. சீல் இருக்குற வரைக்கும் அதுக்கு ஒரு நம்பிக்கை மதிப்பு இருக்கு, பிரிச்சாச்சுன்னா சில கடைல அதையே சாக்கா வச்சு குறைப்பாங்க.

அப்புறம் எடை. ஊர் கணக்குல ஒரு பவுன் 8 கிராம், ஆனா அசல் பிரிட்டிஷ் சவரன் காசு 7.988 கிராம்தான், அதனால தராசு 7.98 காட்டுனா கடைக்காரர் ஏமாத்துறாருன்னு சண்டைக்கு போகாதீங்க. சண்டை போட வேண்டிய இடம் தோலா. மும்பைல இப்ப பேச்சு வழக்குல தோலான்னா 10 கிராம், ஆனா பழைய தோலா 11.66 கிராம். தாத்தா காலத்து ஒரு தோலா காசோ துண்டோ வச்சிருக்கவங்க "ஒரு தோலா விக்கணும்"னு வாய தொறந்தா போச்சு, 1.66 கிராம் காத்துல போயிடும். எப்பவும் கிராம்ல மட்டும் பேசுங்க.

பில் இருந்தா எடுத்து வைங்க. இல்லேன்னாலும் விக்கலாம், ஆனா ஆதார், பான் கார்டு ரெண்டும் கைல இருக்கணும். இன்னொண்ணு, ஒவ்வொரு காசையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க, அதோட எடையையும் எழுதி வச்சுக்கோங்க.

ரேட் எது, எங்க பாக்கணும்

இங்கதான் நம்மாளுங்க ரொம்ப குழம்புறாங்க. நகைக்கடை வாசல்ல போர்டுல போட்டிருக்குறது கடை விக்கிற ரேட். சில இடத்துல பாக்குற ரேட் 3 சதவீதம் ஜிஎஸ்டியும் சேத்தது. நாம விக்கும்போது அந்த 3 சதவீதம் நமக்கு வராது, வாங்கும்போது குடுத்த செய்கூலி, பேக்கிங், பேங்க் போட்ட மார்ஜின் எதுவும் வராது, அதெல்லாம் வாங்குன அன்னிக்கே போன காசு. இத மனசுல ஏத்திக்கிட்டா பாதி கோவம் குறைஞ்சிடும்.

நான் பாக்குறது ஐபிஜேஏ ரேட். இந்தியா புல்லியன் அண்ட் ஜுவல்லர்ஸ் அசோசியேஷன், நம்ம மும்பை தங்க மார்க்கெட் ஜவேரி பஜார்லதான் அவங்க ஆபீஸ். வேலை நாள்ல காலைல ஒண்ணு சாயந்தரம் ஒண்ணுன்னு ரெண்டு தடவ ரேட் போடுவாங்க, 999, 995, 916னு ஒவ்வொரு சுத்தத்துக்கும் தனித்தனியா 10 கிராமுக்கு எவ்வளவுன்னு இருக்கும், ஜிஎஸ்டி சேக்காத ரேட். அரசாங்கம் போட்ட தங்க பத்திரத்துக்கே இந்த 999 ரேட்ட வச்சுதான் விலை போட்டாங்க, அதனால யார்கிட்டயும் தைரியமா இத காட்டி பேசலாம். சனி ஞாயிறு ரேட் வராது. அதனால வெள்ளிக்கிழமை ரேட்ட பாத்துட்டு சனிக்கிழமை போய் நிக்காதீங்க, நடு வாரத்துல, மதியம் காலை ரேட் வந்ததுக்கு அப்புறம் போங்க.

தங்கம் இன்னும் ஏறுமான்னு என்கிட்ட கேக்காதீங்க. 2024 ஜூலைல பட்ஜெட் அன்னிக்கு இறக்குமதி வரிய 15 சதவீதத்துல இருந்து 6 சதவீதமா குறைச்சாங்க, அன்னிக்கே ரேட் சடார்னு விழுந்துச்சு, அதுக்கு முந்தின நாள் வித்தவன் புத்திசாலின்னு யாரு சொல்ல முடியும், அவனுக்கும் தெரியாதுல்ல.

கணக்கு, ஒரு தடவ பேப்பர்ல போட்டு பாத்துடுங்க

சுலபத்துக்காக 24 காரட் கிராம் 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம், அன்னிக்கு நிஜ ரேட்ட நீங்க போட்டுக்கோங்க. பேங்க் காயின் ரெண்டும் சேந்து 20 கிராம், 999. அப்ப 20 பெருக்கல் 0.999 பெருக்கல் 10,000, வந்தது 1,99,800. ஊர்க் காசு மூணும் 24 கிராம், 916. அது 2,19,840. இது கழிவு எதுவும் இல்லாத முழு மதிப்பு, கூரை மாதிரி, இதுக்கு மேல யாரும் தர மாட்டாங்க.

இப்ப முலுண்ட் கடை கணக்க இந்த ரேட்ல போடுங்க. 20 கிராம் 24 காரட்ட 22 காரட் ரேட்ல, அதாவது 9,160ல போட்டா 1,83,200. அதுக்கு மேல "மெல்டிங் லாஸ்"னு 3 சதவீதம் கழிச்சா 1,77,704. முழு மதிப்புக்கும் இதுக்கும் வித்தியாசம் 22,096 ரூபாய்! சீல் பிரிக்காத பேங்க் காயின்ல என்னத்த மெல்ட் பண்ணி என்னத்த லாஸ் ஆகுறது? அதே காயினுக்கு ஒரு சதவீதம் மட்டும் கழிச்சா 1,97,802 வரும். எனக்கு கடைசில கிடைச்ச டீல் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான். ஒண்ணுல இருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும் கழிச்சா நான் வாய மூடிட்டு குடுத்துடுவேன், அவங்களும் கடை நடத்தணும்ல. அதுக்கு மேல போனா காரணம் கேப்பேன்.

யார்கிட்ட விக்கிறது

பேங்க்ல வாங்குன காயின பேங்க் திருப்பி வாங்காது. நிறைய பேர் கிளைக்கு போய் கியூல நின்னுட்டு திரும்புறாங்க, பாவம். ஆர்பிஐ அத அனுமதிக்கல. அடமானம் வச்சு லோன் வாங்கலாம், அதுவும் ஒருத்தருக்கு மொத்தம் 50 கிராம் வரைக்கும்தான். ஃபீஸ் மாதிரி மூணு நாலு மாசத்துல திருப்பிட முடியுற தேவைன்னா விக்கிறதுக்கு முன்னாடி இந்த லோன ஒரு தடவ விசாரிச்சுடுங்க.

காசு எந்த நகைக்கடைல வாங்குனீங்களோ அங்கயே போனா பொதுவா கழிவு ரொம்ப கம்மி, அவங்க முத்திரை அவங்களுக்கே தெரியும்ல. ஆனா பாதி கடைல பணமா தர மாட்டோம், நகையா மாத்திக்கோங்கம்பாங்க. அதுல ஒரு விஷயம், புது நகைக்கு செய்கூலி சேதாரம் போடுவாங்க, ஜிஎஸ்டியும் புது நகையோட முழு விலைக்கு போடுவாங்க, வித்தியாசத் தொகைக்கு மட்டும் இல்ல. "முழு மதிப்பு தரோம்"ங்கிற வார்த்தைல மயங்கி தேவையில்லாத வளையல் எடுத்துட்டு வராதீங்க.

பழைய தங்கம் வாங்குற கம்பெனிங்க இப்ப ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இருக்கு. கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்றாங்க, உடனே அக்கவுண்ட்ல பணம், அது நல்லதுதான், ஆனா "சர்வீஸ் சார்ஜ்"னு ஒரு அஞ்சாவது நம்பர் கடைசில முளைக்கும், அத ஆரம்பத்துலயே கேட்டுடுங்க.

காயினுக்கு நல்ல இடம்னு நான் சொல்றது ஜவேரி பஜார்ல புல்லியன் (கட்டித் தங்கம், காயின்) வியாபாரிங்க. அவங்களுக்கு காயின் வெறும் சரக்கு, நாளைக்கே வேற ஒருத்தருக்கு வித்துடுவாங்க, அதனால உருக்கணும்ங்கிற பேச்சே அதிகம் வராது. மாட்டுங்கா, செம்பூர்ல நம்ம ஆளுங்க போற நகைக்கடைங்களயும் விசாரிச்சு வைங்க, தமிழ்ல பேசி பேரம் பண்றது ஒரு தெம்புதான். ஆனா தமிழ் பேசுறாரேன்னு மட்டும் குடுத்துடாதீங்க, கணக்கு எல்லா பாஷைலயும் ஒண்ணுதான்.

யாரும் யோசிக்காத வழி ஒண்ணு இருக்கு, சொந்தக்காரங்க. எங்க நாத்தனார் பொண்ணுக்கு கல்யாணம் வச்சிருந்தாங்க, ஊர்க் காசு மூணும் அவங்களுக்கே குடுத்துட்டேன். அவங்க கடைல புதுசா வாங்கினா ஜிஎஸ்டி, செய்கூலின்னு மேல போகும், நான் கடைல வித்தா கழிவுன்னு கீழ போகும், நடுவுல அன்னிக்கு 916 ரேட்டுக்கு முடிச்சோம், ரெண்டு பேருக்கும் லாபம். பணம் மட்டும் பேங்க் டிரான்ஸ்ஃபரா வாங்கிக்கோங்க, ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்தும் போட்டுக்கோங்க, சொந்தத்துக்குள்ள இது என்னன்னு கூச்சப்படாதீங்க. முகம் தெரியாத ஆள் ஆன்லைன்ல கேட்டு வீட்டுக்கு வரேன்னா மட்டும் வேண்டவே வேண்டாம், பணம் அனுப்பிட்டேன்னு போன்ல ஸ்கிரீன்ஷாட் காட்டிட்டு போறவங்க ஊரெல்லாம் இருக்காங்க.

கடைக்கு போற அன்னிக்கு

தனியா போகாதீங்க. நான் கொழுந்தனார கூட்டிட்டு போனேன், ஸ்லோ டிரெய்ன்ல மஸ்ஜித் ஸ்டேஷன்ல இறங்கி மும்பாதேவி கோயில் பக்கமா நடந்தா ஜவேரி பஜார் வந்துடும், ஃபாஸ்ட் டிரெய்ன் அங்க நிக்காது. மொத தடவ போகும்போது எல்லா காசையும் கொண்டு போக வேண்டாம், ஒரே ஒரு காயின் எடுத்துட்டு போங்க, மூணு கடைல விசாரிங்க. கடைல நொழைஞ்சதும் காச எடுத்து மேஜைல வைக்கக் கூடாது. மொதல்ல கேள்வி. ஹிந்தில நான் கேட்டது இதுதான்: "பேங்க் கா காயின், தீன் நௌ, தஸ் கிராம். ஆஜ் கா பாவ் க்யா லகாவோகே? கித்னா கட்டேகா?" அதாவது 999 காயின் 10 கிராம், இன்னிக்கு என்ன ரேட் போடுவீங்க, எவ்ளோ கழிப்பீங்க. பதில ஒரு சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா அடுத்த கடை.

மொத கடைல "பாத்தாதான் சொல்ல முடியும்"னாரு, நகர்ந்துட்டோம். ரெண்டாவது கடைல ரேட் சொன்னாரு ஆனா கழிவு மூணு. மூணாவது கடை ஒரு மாடிப்படிக்கு அடில இருக்குற பொட்டிக்கடை மாதிரி இடம், நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆளுக்கு இடம் இல்ல, அவர்தான் ரேட், கழிவு ரெண்டையும் தனியா எழுதி, கீழ தேதி போட்டு தந்தாரு.

சீல் பேக்கிங்க வெட்டுறது எப்பன்னா, ரேட் எழுத்துல வந்ததுக்கு அப்புறம்தான். பிளாஸ்டிக்குக்கு மேல வச்சு டெஸ்ட் பண்ண முடியாது, அதனால வெட்டித்தான் ஆகணும்பாங்க, அது நியாயம். ஆனா வெட்டுனதுக்கு அப்புறம் உங்க பேரம் பேசுற பலம் பாதி போயிடும்.

தராசு விஷயத்துல வெக்கப்படாதீங்க. காசு வைக்கிறதுக்கு முன்னாடி சைஃபர் காட்டுதான்னு பாருங்க, கண்ணாடி மூடி இருந்தா மூடச் சொல்லுங்க. நாங்க போன கடைல தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு, கடைசி நம்பர் 9.98, 10.00, 9.99னு ஆடிட்டே இருக்கு, அவர் 9.98 வந்த நேரம் பாத்து எழுதப் போனாரு. கொழுந்தன் எழுந்து ஃபேன ஆஃப் பண்ணிட்டாரு. 10.00ல நின்னுச்சு. கடைக்காரர் சிரிச்சுட்டாரு, நாங்களும் சிரிச்சோம், ஆனா 0.02 கிராம்ங்கிறது 10,000 ரேட்ல 200 ரூபாய், ரெண்டு காயினுக்கு 400, எங்க ரெண்டு பேர் டிரெய்ன் டிக்கெட்டும் டிபனும் அதுல வந்துடும்.

சுத்தம் பாக்குறது காரட் மீட்டர்ல. எக்ஸ்ரே மாதிரி ஒரு பெட்டி, காச உள்ள வச்சா அர நிமிஷத்துல நூத்துக்கு எவ்ளோன்னு திரைல காட்டும், பஜார்ல இத டஞ்ச் பாக்குறதும்பாங்க. இந்த மெஷின் மேல்தோல மட்டும்தான் பாக்கும், முடியோட தடிமன விடவும் கம்மியான ஆழம், அதனால எண்ணெய், அழுக்கு, பத்தவச்ச இடம் எதுவும் இருந்தா ரீடிங் மாறும். துடைச்சுட்டு ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லுங்க, திரை உங்க பக்கம் திரும்பியிருக்கணும். "உள்ள எடுத்துட்டு போய் பாத்துட்டு வரேன்"னா நீங்களும் கூடப் போங்க, இல்லேன்னா காச திருப்பி கேளுங்க. சந்தேகமா இருந்தா பிஐஎஸ் அங்கீகாரம் உள்ள ஹால்மார்க் சென்டர்ல நாமளே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வாங்கலாம், பெரிய செலவு கிடையாது, பழைய முத்திரை தேஞ்சு போன காசுக்கு அது ரொம்ப உதவும்.

உருக்கித்தான் ஆகணும்னு சொன்னா? 999, 916 முத்திரை தெளிவா இருக்குற காசுக்கு ஒத்துக்காதீங்க. முத்திரையே இல்லாத காசுன்னா வேற வழியில்லாம இருக்கலாம், அப்ப உருக்குற இடத்துல பக்கத்துலயே நில்லுங்க. உருக்குற பட்டறைக்காரங்க பெரும்பாலும் சாங்லி மாவட்டத்துக்காரங்க, நம்ம கோயம்புத்தூர் சேலத்துலயும் இந்த வேலைய மராட்டிக்காரங்க பண்றத பாத்திருப்பீங்களே, அவங்கதான். உருக்கறதுக்கு முன்னாடி எடை, பின்னாடி எடை, டெஸ்ட்டுக்கு கிள்ளி எடுத்த துணுக்கோட எடை, மூணையும் எழுதிக்கணும். அந்த துணுக்கும் உங்க தங்கம்தான். உருகினதுக்கு அப்புறம் வேண்டாம்னு திரும்பி வந்தா கைல காசு இருக்காது, ஒரு கட்டிதான் இருக்கும், அதுக்கு அடுத்த கடைல மறுபடியும் முதல்ல இருந்து டெஸ்ட்.

பணம், வரி

கேஷா 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்கவே கூடாது, வாங்குனவங்களுக்கு அதே தொகை அபராதமா வரும், துண்டு துண்டா பிரிச்சு வாங்குனா தப்பிச்சுடலாம்ங்கிற ஐடியாவும் வேண்டாம். கடைக்காரருக்கும் 10,000க்கு மேல கேஷா குடுத்தா கணக்குல தொல்லை, அதனால நல்ல கடை டிரான்ஸ்ஃபர்தான் பண்ணும். நெஃப்ட்ல அரை மணிக்கு ஒரு தடவதான் போகும், அக்கவுண்ட்ல ஏறுற வரைக்கும் அங்கயே உக்காருங்க, கட்டிங் சாய் அவங்களே வாங்கித் தருவாங்க. செக் வேண்டாம். பர்ச்சேஸ் வவுச்சர் கேட்டு வாங்குங்க, அதுல எடை, சுத்தம், ரேட், கழிவு நாலும் தனித்தனியா இருக்கணும்.

வீட்டு உபயோகத்துக்கு வச்சிருந்த காச நாம விக்கும்போது ஜிஎஸ்டின்னு நம்மகிட்ட பிடிக்கக் கூடாது, அப்படி ஒரு வரி நமக்கு இல்ல. வருமான வரி உண்டு. வாங்கி 24 மாசத்துக்கு மேல ஆயிருந்தா லாபத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும், அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப்படி. அம்மா பாட்டி குடுத்த காசுன்னா அவங்க வாங்குன விலையும் அவங்க வச்சிருந்த காலமும்தான் கணக்கு, 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்குனதா இருந்தா 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த மதிப்ப எடுத்துக்கலாம். ஆடிட்டர்கிட்ட வவுச்சர குடுத்தா பாத்துக்குவாரு.

பழைய சவரன் இருந்தா

இத மத்த காசோட சேத்து தராசுல போட்டுடாதீங்க. தங்க மதிப்பு ஒரு பக்கம், சேகரிக்கிறவங்க குடுக்குற விலை வேற பக்கம். 1918ல நம்ம பம்பாய் மின்ட்லயே சவரன் அடிச்சாங்க, அந்த ஒரே ஒரு வருஷம் மட்டும்தான். குதிரைல ஒருத்தர் உக்காந்து டிராகன குத்துற பக்கத்துல, வருஷத்துக்கு நேர் மேல தரைக்கோட்டுல பொடியா இங்கிலீஷ் ஐ எழுத்து இருக்கும். அது இருந்தா நாணய வியாபாரிங்க ரெண்டு பேர்கிட்டயாவது காட்டாம விக்காதீங்க. மாலைல கோக்க வளையம் பத்தவச்ச காசுன்னா சேகரிக்கிறவங்க மதிப்பு குறைஞ்சுடும், பத்து வச்ச இடத்துல சுத்தமும் கம்மியா காட்டும், வளையம் இல்லாத இடத்துல டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. தேய்ச்சு பாலிஷ் மட்டும் பண்ணிடாதீங்க.

அத்தையோட காச லென்ஸ் வச்சு பாத்தோம். 1911. ஐ எழுத்து எதுவும் இல்ல. பேங்க் காயின் ரெண்டு, ஊர்க் காசு மூணுலயே ஃபீஸுக்கு தேறிடுச்சு, அதனால அது திரும்பவும் அத்தை முந்தானைக்கே போயிடுச்சு.